கைகாட்டி சொன்ன பெயர்

அந்தக் கருவிக்குத் தயாரித்த நிறுவனம் வைத்த பெயர் நீளமானது, வாயில் நுழையாதது. லேபில் வேலை பார்த்தவர்கள் அதைக் கைகாட்டி என்றார்கள். மற்றக் கருவிகள் நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த கிருமி இன்னது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். கைகாட்டி அதற்கு மேலும் ஒரு வரி சொல்லும். அந்தக் கிருமி யாரிடமிருந்து வந்தது என்ற வரி. நோயாளியைத் தொட்ட டாக்டர், நர்ஸ், ஆயா, டெக்னீஷியன், பச்சைக் குழந்தை என்றால் அதன் தாய், இத்தனை பேரிடமும் பஞ்சுக்குச்சியால் தடவி ஸ்வாப் எடுத்து, அதில் வளர்வதை நோயாளியின் கிருமியோடு மரபணு மரபணுவாக ஒப்பிட்டு, கடைசியில் ஒரே ஒரு பெயரை அச்சடித்துக் கொடுக்கும்.

ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கிய ஒரு சட்டம்தான் கைகாட்டியைக் கொண்டுவந்தது. யாரால் என்று தெரிந்துகொள்ளும் உரிமை. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. சட்டம் வந்த பிறகு கை கழுவாத பெரிய டாக்டர்கள்கூடக் கழுவினார்கள். தொற்று பாதியாகக் குறைந்தது. ஆனால் கைகாட்டி காட்டும் பெயர் தாயுடையதாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. எந்தப் பெயரானாலும் ஏழு நாளுக்குள் குடும்பத்துக்குப் பதிவுத் தபால் போகும். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பலகையில் ஏறும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெரிய மருத்துவமனையின் லேபில் ஜெபமலர் பதினாறு வருஷமாக டெக்னீஷியன். கைகாட்டி வந்த பிறகும் அவள் முதலில் ஸ்லைடு போட்டுத்தான் பார்ப்பாள். கிராம் சாயத்தில் ஊதா நிறமாக, உருண்டை உருண்டையாகத் தெரிபவை இரண்டு வகை. திராட்சைக் கொத்து மாதிரி குவிந்திருந்தால் ஒரு குடும்பம், பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக இருந்தால் இன்னொரு குடும்பம். மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டில் வளர்ந்ததை எடுத்து ஒரு சொட்டு பெராக்சைடு விட்டால், நுரைப்பது கொத்துக்காரன், நுரைக்காதது சங்கிலிக்காரன். இவ்வளவும் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

பேச்சியம்மாளின் பெயரைக் கையெழுத்திட்டு அனுப்பியவள் அவள்தான். சிவலப்பேரிப் பக்கத்துப் பெண், தலைப்பிரசவம், மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. சங்கிலிக்காரனில் பி குரூப் ஸ்ட்ரெப் என்று ஒரு வகை உண்டு. பெண்கள் உடம்பில் தொந்தரவில்லாமல் குடியிருந்துவிட்டு, பிரசவ நேரத்தில் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும். கைகாட்டி தாயைக் காட்டியது. தபால் போயிற்று. மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாள் லேப் ஜன்னலில் வந்து நின்றாள்.

"இன்னொரு மட்டம் பாருங்கம்மா. சீட்டு மாறியிருக்கும்."

"மாறாதும்மா."

"எங்க வீட்டுக்காரங்க கொண்டு போயி எங்க அம்மா வீட்டுல விட்டுட்டாங்க. பிள்ளையத் தின்னவன்னு சொல்லுதாங்க. நீங்க இன்னொரு மட்டம் பாத்துட்டு, அது இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்."

அடுத்த செவ்வாயும் வந்தாள். அதற்கடுத்த செவ்வாயும். மொத்தம் பதினோரு செவ்வாய். பன்னிரண்டாவது செவ்வாய் வரவில்லை. ஜெபமலர் பதிவேட்டில் இருந்த போன் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்து வள்ளிமயிலின் குழந்தையின் ரத்தம் வந்தது.

வள்ளிமயிலுக்கு இருபத்து நாலு வயது, ஊர் ஏரல். புருஷன் சுடலைமணி வாழைத்தார் லாரி ஓட்டுகிறவன். ஆண் குழந்தை. முதல் நாள் சர்க்கரை பார்க்கக் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்தவள் ஜெபமலரே. நாலாம் நாள் பால் குடிக்க மறுத்துச் சுருண்டது. ஸ்லைடில் ஊதாப் பாசிமணிகள். தட்டில் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி மெல்லிய தெளிந்த வளையம், பி குரூப்பின் அடையாளம். ஆறாம் நாள் காலை பத்து மணிக்குக் குழந்தை இறந்துபோனது.

அன்றைக்குக் குழந்தைகள் வார்டு வராந்தாவில் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். வள்ளிமயிலின் மாமியார் பிரம்மசக்தி. உயரமான உருவம், காதில் கனத்த தோடு, நர்ஸை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எவ கை பட்டு எம் பேரன் போனானோ அவ கை அழுகிப் போகும். அவ பேர நான் தெரிஞ்சுக்கிடாம இந்த எடத்த விட்டுப் போக மாட்டேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் ஜெபமலர் வராந்தா முனையிலேயே நின்றுவிட்டாள். பேச்சியம்மாளின் மாமியார் எப்படி இருந்திருப்பாள் என்று அவள் பல நாள் நினைத்துப் பார்த்ததுண்டு. இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றிவிட்டது.

குழந்தையைத் தொட்ட ஒன்பது பேரின் ஸ்வாப்களும் அவள் மேஜையில் இருந்தன. தாயின் ஸ்வாப்பிலிருந்து வளர்ந்ததில் அதே மெல்லிய வளையத்தை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். கைகாட்டிக்குள் வைத்தால் என்ன பெயர் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒன்பது குழாய்களில் ஒன்று அவளுடையது. தாயின் குழாயிலிருந்த பார்கோடு ஸ்டிக்கரையும் தன் குழாயில் இருந்ததையும் நகத்தால் கிள்ளி உரித்து, மாற்றி ஒட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அச்சடித்து வந்த தாளில் மூலம் என்ற இடத்தில் ஜெபமலர், டெக்னீஷியன் என்று இருந்தது. தாய் என்ற வரிக்கு எதிரே, கிருமி இல்லை.

லேபின் தலைமை டாக்டர் நூர்தீன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். காயல்பட்டினத்துக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

"இந்தக் கிருமி கையில தங்கறது ரொம்ப அபூர்வம், ஜெபா."

"அபூர்வம்னா வரவே வராதுன்னு அர்த்தம் இல்லைலா டாக்டர்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

பலகையில் பெயர் ஏறிய அன்று வள்ளிமயில் புருஷனோடு வந்தாள். ஜெபமலர் லேபிலிருந்து வெளியே வந்து அவள் முன்னால் நின்றாள். பிரம்மசக்தி வரவில்லை. வள்ளிமயில் கத்தவில்லை.

"உங்க கையக் காட்டுங்க."

ஜெபமலர் இரண்டு கையையும் நீட்டினாள். வள்ளிமயில் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"சோப்பு போட்டுக் கழுவுனீங்களா?"

"கழுவினேன்."

"நல்லாக் கழுவுனீங்களா?"

ஜெபமலர் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள். "இல்ல போலருக்கும்மா," என்றாள்.

ஆறு மாதம் சஸ்பென்ஷன். அதன் பிறகு லைசென்ஸில் ஒரு நிபந்தனை விழுந்தது. நோயாளிகளைத் தொடக்கூடாது, கிருமி வளர்க்கும் பிரிவில் வேலை பார்க்கக்கூடாது. முருகன்குறிச்சியில் ஒரு சின்ன லேபில், பிற இடங்களில் எடுத்து அனுப்பும் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கும் வேலை கிடைத்தது. சர்ச் சபையில் எல்லோரும் கூடிச் சமைத்துச் சாப்பிடும் அசனப் பண்டிகை வந்தது. வருஷாவருஷம் அதற்குக் காய் நறுக்க முதலில் போய் உட்காருபவள் அவள். அந்த வருஷம் பெண்கள் அரிவாள்மணையை அவள் முன்னாலிருந்து மெதுவாக நகர்த்தி, "நீங்க சும்மா இருங்கக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்," என்றார்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் ஷெரின் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், "நீ நிசமாவே கை கழுவலையாம்மா?" என்று கேட்டாள். "கழுவல," என்றாள் ஜெபமலர். யாரிடமும் அவள் உண்மையைச் சொல்லவில்லை, புருஷன் தங்கதுரையிடம்கூட.

கஷ்டமாக இருந்தது என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அந்த அவமானத்துக்குள் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. பேச்சியம்மாளுக்குச் செய்யாமல் விட்டதை இவளுக்குச் செய்துவிட்டோம் என்ற நிம்மதி. ஏரலில் ஒரு பெண் தன் புருஷன் வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கிறாள், அது தன்னால் என்று நினைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஜெபம் பண்ணும்போதுகூட அந்த நினைப்பு வரும். அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது.

இரண்டு வருஷம் போயிற்று. ஒருநாள் முற்பகலில், சர்க்கரை பார்க்க வந்த குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் கண்ணில் பட்டது. வள்ளிமயில், வயது 26, ஏரல், கர்ப்பம் 36 வாரம்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடுத்த குழாயை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. தாய் என்ற வரிக்கு எதிரே இருந்த இரண்டு வார்த்தைகள், கிருமி இல்லை. கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே பழைய ஆஸ்பத்திரிக்கு, டாக்டர் நூர்தீனிடம் போனாள். அவர் தன் அறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டிக்கரை மாற்றியதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

"உக்காருங்க ஜெபா."

"அவளுக்கு முப்பத்தாறு வாரம் டாக்டர். இந்த வாரம் எல்லாருக்கும் அந்தக் கிருமிக்கு டெஸ்ட் எடுப்பாங்கல்லா? அதுல தெரிஞ்சிரும்லா?"

"எல்லாருக்கும் எடுப்பாங்க. அவளுக்கு எடுக்க மாட்டாங்க. போன பிரசவத்துல குழந்தைக்கு இந்தக் கிருமி வந்து, கைகாட்டி தாயைப் பார்த்து, கிருமி இல்லைன்னு சொல்லியிருக்கு. அதனால அவ பேரைப் போட்டதும் கம்ப்யூட்டரே டெஸ்ட் தேவையில்லைன்னு தள்ளிவிட்டுரும். கைகாட்டி சொன்னதுக்கு மேல ஒரு சாதாரண டெஸ்ட் எதுக்குன்னு நாமதான் அப்படி வச்சிருக்கோம்."

"இப்பவும் அவ உடம்புல இருக்குமா?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வரும், போகும். ஆனா ஒரு பிள்ளை இதுல போயிருச்சுன்னா அடுத்த பிரசவத்துக்கு டெஸ்ட்டே வேண்டாம். வலி எடுத்ததும் பெனிசிலின் ஏத்தணும். குழந்தை பிறக்கறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியாவது உள்ள போயிருக்கணும். அவ்வளவுதான் வைத்தியம். எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்கற மருந்து."

"அவ்வளவுதானா?" என்றாள் ஜெபமலர். "அவ்வளவு சின்ன விஷயத்தையா நான் அவ கிட்டருந்து எடுத்துட்டேன்?"

டாக்டர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"நீங்க மட்டும் எடுக்கலை. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்னா, அவ சீட்டுல அடுத்த தடவை ஊசி போடணும்னு ஒரு வரி நீங்க எழுதியிருக்கலாம்லா டாக்டர்?"

"எழுதியிருந்தா ஏன்னு கேப்பாங்க." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அந்தப் பேச்சியம்மா வந்து நின்ன பதினோரு செவ்வாயும் நான் இந்தக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளதான் உக்காந்திருந்தேன். நீங்கதான் பதில் சொன்னீங்க. அதான் நீங்க மாத்தினப்ப எனக்கு வாய் வரலை. அடுத்த பிரசவம்னு ஒண்ணு வரும்னு நினைக்கவே இல்லை. நினைச்சிருக்கணும். டாக்டர் நான்தானே."

ஜெபமலர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க அவ பாக்கற டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்ல முடியாதா?"

"வலி எந்த நேரத்துல வரும், எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்கன்னு நமக்கு என்ன தெரியும்? அங்க அந்நேரம் யார் டியூட்டியில இருப்பாங்களோ. உள்ள போனதும் அவ வாயால கேக்கணும், ஜெபா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்." மேஜையிலிருந்து லெட்டர்பேடை எடுத்தார். "நான் ஒரு கடிதம் தர்றேன். தாய்க்கு பி குரூப் ஸ்ட்ரெப் இருந்தது, எனக்குத் தெரியும்னே எழுதறேன். என் கையெழுத்து இருக்கும். நீங்க கொண்டுபோய்க் குடுங்க."

அப்படி எழுதினால் அவருக்கும் வேலை போகும் என்பது இருவருக்கும் தெரியும். அவர் எழுதி முடித்து, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் நாள். ஜெபமலர் ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் ஏரல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தாள். வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சுகள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெண்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். வள்ளிமயில் மாமியாரோடு வந்தாள். பிரம்மசக்தி டோக்கன் வரிசையில் போய் நின்றதும், ஜெபமலர் எழுந்து வள்ளிமயில் இருந்த பெஞ்சுக்குப் போனாள்.

வள்ளிமயில் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்த அந்தக் கணத்தில் அவளுடைய இரண்டு கையும் வயிற்றின் மேல் போய் மூடிக்கொண்டன.

"கிட்ட வராதீங்க."

ஜெபமலர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். "வரலம்மா. இங்கருந்தே சொல்லுதேன். கேட்டுட்டு என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். அதில் ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னாள். ஸ்லைடில் பார்த்தது, தட்டில் வளர்ந்தது, ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியது. பேச்சியம்மாள் என்று ஒரு பெண் வந்து ஜன்னலில் நின்றதையும் சொன்னாள். கடைசியாக, மேலே தன் போன் எண்ணை எழுதியிருந்த உறையை எடுத்து பெஞ்சின் நடுவில் வைத்து, ஊசியைப் பற்றிச் சொன்னாள்.

வள்ளிமயில் உறையைத் தொடவில்லை. மரத்திலிருந்து அதன் மேல் ஒரு பழுத்த இலை விழுந்தது.

"அப்ப எங்கிட்ட இருந்துதான் அவனுக்குப் போச்சு."

"நீங்க குடுக்கலம்மா. அது யார் உடம்புலயும் இருக்கும். உங்களுக்கே தெரியாது. அஞ்சு பேருல ஒருத்தருக்கு இருக்கும். இங்க உக்காந்திருக்கவங்கள்ல நாலஞ்சு பேருக்கு இருக்கும்."

"தினமும் காலையில எந்திச்சதும் உங்களத் திட்டுவேன்," என்றாள் வள்ளிமயில், அவளைப் பார்க்காமல். "பல்லு வெளக்குததுக்கு முன்னால அதுதான். உங்க மூஞ்சிய நெனச்சிக்கிட்டு, உங்க கைய நெனச்சிக்கிட்டு. ரெண்டு வருசமா. அப்படித் திட்டித்தான் எந்திச்சு நடமாடினேன். இனி நான் யாரத் திட்ட?"

"என்னையத்தான் திட்டணும். மறைச்சது நான்தான்."

"அது வேற." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு யாரு குடுத்தா?"

"என்னம்மா?"

"அவனுக்கு நான் குடுத்தேன்னு அந்த மிசின் சொல்லுதுல்லா. எனக்கு யாரு குடுத்தா? அத அது சொல்லாதா?"

பதினாறு வருஷ வேலையில் ஜெபமலர் அப்படிக் கேட்டதே இல்லை; யாரும் கேட்டுப் பார்த்ததும் இல்லை. "அது யார் கிட்ட எடுத்துக் குடுக்கோமோ அவங்களத்தான் பாக்கும்மா. உங்க கிட்டயும் எங்க கிட்டயும் எடுத்தோம். உங்க வீட்டுக்காரர் கிட்ட எடுக்கலை. அவர் கிட்டருந்தும் வந்திருக்கலாம். உங்க வீட்டுலருந்தே வந்திருக்கலாம். ஒரு ஆளோட நிக்கற சமாச்சாரம் இல்ல அது."

அதற்குள் பிரம்மசக்தி டோக்கனோடு திரும்பி வந்துவிட்டாள். ஜெபமலரைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது.

"இவ எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கா? ஏட்டி மயிலு, எந்திரி. இவ மூச்சுக்காத்துகூட ஒம் மேல படக்கூடாது."

"அத்த, கத்தாதீங்க," என்றாள் வள்ளிமயில். "இவங்க கிட்டருந்து வரலையாம். எங்கிட்ட இருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கு. எனக்காக மாத்திச் சொல்லிருக்காங்க. இந்தப் பிள்ளைக்கு வராம இருக்க ஊசி போடணுமாம்."

இப்படிப் பச்சையாக அவள் போட்டு உடைப்பாள் என்று ஜெபமலர் எதிர்பார்க்கவில்லை. எது நடக்கக்கூடாது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டிக்கரை உரித்தாளோ, அது இப்போது தன் கண் முன்னால் நடக்கப்போகிறது என்று நினைத்தாள்.

பிரம்மசக்தி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உறையை எடுத்தாள். மேலே இங்கிலீஷில் எழுதியிருந்தது அவளுக்குப் புரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஊசி போட்டா பொழைச்சிருமா?"

"நேரத்தோட போட்டா ஒண்ணும் ஆகாதும்மா."

"எப்பப் போடணும்?"

"வலி கண்ட உடனே. ஆஸ்பத்திரிக்குள்ள நுழையும்போதே இந்தக் கடிதத்தக் குடுத்துக் கேக்கணும்."

பிரம்மசக்தி தலையாட்டினாள். அடுத்த வீட்டு விஷயம் கேட்டவள் போல ரொம்ப நிதானமாக இருந்தாள். உறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுடலமணி எனக்கு மூணாவது. முதல்ல ரெண்டு பெத்தேன். ரெண்டும் நாலு நாள் தாண்டல. ஒண்ணு பொண்ணு. என்ன ஏதுன்னு யாரும் சொல்லல. எங்க மாமியா என்னைய ஒரு வருசம் அடுப்படிக்குள்ள விடல. அந்தக் கையால சமைச்சதத் திங்க மாட்டேன்னு சொல்லிட்டா." அவள் ஜெபமலரைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கோபம் இருந்தது. ஆனால் அது வராந்தாவில் பார்த்த கோபம் இல்லை. "நான் இவள வெரட்டிருவேன்னு நெனச்சியா நீ?"

ஜெபமலர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"என்னைய உனக்கு என்ன தெரியும்? பேரன் செத்த அன்னைக்கு நான் கத்துனத மட்டும்தான் பாத்த. அத வச்சு நீயே முடிவு கட்டிட்டியா? அன்னைக்கே சொல்லிருந்தா நான் இவளக் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பேன். நானும் இவளும் சேந்து அழுதிருப்போம். இவ பாட்டுக்கு ஒரு ரூம்ல உக்காந்து உன்னையத் திட்டிக்கிட்டுக் கெடந்தா, நான் ஒரு பக்கம் கெடந்தேன்."

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். பிரம்மசக்தி உறையை மடிக்காமல் பைக்குள் வைத்தாள். மருமகளைக் கைத்தாங்கலாக எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதிய பஸ்ஸில் திரும்பும்போது ஜெபமலர் அழவில்லை. இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த அந்த நிம்மதி எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள். தான் ஒரு வீட்டைக் காப்பாற்றியதாக நினைத்தது, அந்த வீட்டைப் பார்க்காமலேயே. பேச்சியம்மாள் வீட்டுக்காரர்களின் முகத்தை எடுத்து இவர்களுக்கு ஒட்டியிருக்கிறாள், பார்கோடு ஒட்டிய மாதிரி.

பதினெட்டு நாள் கழித்து ஒரு மாலையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சுடலைமணி பேசினான்.

"பொண்ணு பெறந்திருக்கு. காலையில அஞ்சு மணிக்கே ஊசி போட்டுட்டாங்க, பத்தரைக்குப் பெறந்துச்சு. அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க. வேற ஒண்ணும் இல்ல."

போனை வைத்துவிட்டான். அன்றைக்கு ஜெபமலர் புருஷனிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கதுரை எழுந்து போய் வாசலில் நின்றான். ஷெரின்தான் கேட்டாள். "அப்ப நீ கை கழுவுனியாம்மா?"

"கழுவினேன்."

"பின்ன எங்கிட்ட ஏன் கழுவலன்னு சொன்ன?" என்று கேட்டுவிட்டு ஷெரின் அழுதாள். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

குழந்தைக்கு ஐம்பது நாள் ஆனபோது, தடுப்பூசி போட வந்த இடத்திலிருந்து, வள்ளிமயிலும் பிரம்மசக்தியும் முருகன்குறிச்சி லேபுக்கு வந்தார்கள். குழந்தை பிரம்மசக்தியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜெபமலர் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வள்ளிமயில் உட்காரவில்லை.

"அந்த ரெக்கார்டுல உங்க பேரு இருக்குல்லா, அத மாத்தணும்."

"மாத்தினா உங்க பேரு வரும்மா. பலகையில போடுவாங்க. வீட்டுக்குத் தபால் வரும்."

"வரட்டும். அத்ததான் கையெழுத்துப் போட்டு வாங்குவாங்க."

பிரம்மசக்தி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே ஆமாம் என்பது போல் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா அது? ஊசிக்குத்தான் கடிதம் இருக்கே. அடுத்ததுக்கும் அதைக் காட்டலாம்."

"ஊசிக்கு இல்ல." வள்ளிமயில் வார்த்தை தேடினாள். "அவன் ஆறு நாளுதான் இருந்தான். அவனுக்குன்னு கவர்மெண்டுல இருக்கது ரெண்டு மூணு காகிதம். ஒண்ணுல அவனப் பெத்தது நான்னு இருக்கு. இன்னொண்ணுல அவனுக்கு என்ன ஆச்சுன்னு எழுதிருக்க எடத்துல உங்க பேரு இருக்கு. நல்லதோ கெட்டதோ, அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீங்க யாரு நடுவுல?"

ஜெபமலர் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். தானாக முன்வந்து எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் முழுசாகப் போகும், வழக்கும் வரலாம். அதை அவள் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள். தேதி போட்டாள். மாவட்டத் தொற்று மூல அலுவலர் அவர்களுக்கு என்று எழுதினாள். பதினாறு வருஷம் அறிக்கை எழுதிய கை, எழுத்து தெளிவாக விழுந்தது. வள்ளிமயில் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, உதடசைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

மேற்படி குழந்தையின் தாயிடமும் என்னிடமும் எடுக்கப்பட்ட மாதிரிகளின் அடையாளச் சீட்டுகள் என்னால் தவறுதலாக மாற்றி

"இந்த எடம்," என்றாள் வள்ளிமயில். விரல் தாளின் மேல் வந்து நின்றது. "தவறுதலான்னு போட்டிருக்கீங்க. தவறுதலா இல்லைலா?"

ஜெபமலர் அந்த வார்த்தையைப் பார்த்தாள். அதை எழுதியது அவளுக்கே தெரியவில்லை; கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

"இல்ல," என்றாள்.

அதன் மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே, படிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி, தெரிந்தே என்று எழுதினாள்.